பூச்சி தேடி எந்த நாட்டுக்குப் போவது? வன்னியிலிருந்து ஒரு கணக்கு

பூச்சிப் படம் எடுக்கப் போகிறவர்கள் எந்த நாட்டில் பூச்சி அதிகம் என்று பார்த்துப் பயணம் போடாதீர்கள். வெப்பமண்டலக் காடு என்றால் எங்கே போனாலும் ஓர் ஆயுளில் எடுத்து முடிக்க முடியாத அளவுக்குப் பூச்சி உண்டு. இரவு பத்து மணிக்கு, மழை தூறிக்கொண்டிருக்கும்போது, தலையில் ரோச் லைட்டைக் கட்டிக்கொண்டு காட்டோரம் நிற்க எங்கே விடுவார்கள், அப்படி எத்தனை இரவு நமக்குக் கிடைக்கும் என்று பாருங்கள். கையிலிருக்கும் காசை அந்த இரவுகளால் பிரித்துப் பார்த்தால் எந்த நாடு மலிவு, எது விலை என்பதே தலைகீழாக மாறிவிடும்.

ஏன் இரவு என்றால், பகலில் கண்ணில் படுவது வண்ணத்துப்பூச்சி, தும்பி, குளவி, எறும்பு, இப்படிக் கொஞ்சம்தான். குச்சிப்பூச்சி, இலைப்பூச்சி, பெரிய கொம்பு வண்டுகள், அந்துப்பூச்சிகளில் பெரும்பகுதி எல்லாம் பறவைக்குப் பயந்து பகல் முழுக்க அசையாமல் கிடந்துவிட்டு இருட்டிய பிறகுதான் வெளியே வரும். அதிலும் எல்லா இரவும் ஒன்றல்ல. ஆல்ஃப்ரட் ரஸல் வாலஸ் என்ற ஆங்கில இயற்கையியலாளர் 1850களில் போர்னியோத் தீவின் சரவாக்கில் இருந்தபோது ஒரு மலைவீட்டு விறாந்தையில் விளக்கு வைத்து 26 இரவுகளில் 1,386 அந்துப்பூச்சிகள் பிடித்தார். அதில் 800க்கு மேல் வந்தது நல்ல இருட்டும் கொட்டும் மழையுமாக இருந்த நாலே நாலு இரவில். மிச்சம் 22 இரவும் சேர்ந்து 600ஐக்கூடத் தொடவில்லை.

இதில் நம் இலங்கை ஆட்களுக்கு ஒரு வில்லங்கம் இருக்கிறது. லீவு கிடைப்பது போயாவை ஒட்டி. போயா என்றால் பூரணை. வெசாக்குக்கு இரண்டு நாள் லீவு, அதோடு சனி ஞாயிறையும் சேர்த்தால் போய் வரலாம் என்று டிக்கெட் போடுவார்கள், அங்கே போனால் வானத்தில் நிலா எரிந்துகொண்டிருக்கும், வெள்ளைத் துணியை விரித்து விளக்கு வைத்தால் ஏதோ பத்துப் பூச்சி வந்து ஒட்டிக்கொண்டு நிற்கும். வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு ஊரில் நின்றுவிட்டு அடுத்த நாள் வெளிக்கிட்டாலும் இதே கதைதான், அதுவும் வைகாசிப் பூரணையை ஒட்டித்தானே வருகிறது. பூச்சிக்காகப் போகிறவர் கலண்டரில் அமாவாசையைத் தேட வேண்டும், அதற்கு மூன்று நாலு நாள் முன்னுக்கும் பின்னுக்கும்.

சரி, ஊரிலேயே எடுத்தால் என்ன? எடுக்கலாம், மாரியில் கட்டாயம் எடுக்க வேண்டும். ஐப்பசியில் முதல் மழை விழுந்த அடுத்த நாளே செம்மண்ணில் தம்பளப்பூச்சி ஊரத் தொடங்கும் (அதற்கு எட்டுக் கால், பூச்சிக் கணக்கில் சேராது, ஆனாலும் படம் எடுக்காமல் யார் விடுவார்கள்), புற்றிலிருந்து ஈசல் கிளம்பும், விறாந்தை லைட்டைச் சுற்றி வருகிறதை எண்ண முடியாது. அந்த மூன்று மாதமும் வெளிநாடு போகிறவர் வீட்டில் வைத்திருப்பதை விட்டுவிட்டுப் போகிறார் என்றுதான் சொல்வேன். ஆனால் வன்னிக் காட்டுக்குள் இரவில் போவது நடக்கிற காரியமில்லை. ஒட்டுசுட்டான் பக்கமோ மாங்குளம் பக்கமோ யானை எந்த நேரம் றோட்டில் நிற்கும் என்று தெரியாது, கண்ணிவெடிப் பலகைகள் இன்னும் முழுதாகப் போய் முடியவில்லை, அதற்கும் மேலே, நடுச்சாமத்தில் காட்டோரம் ரோச் அடித்துக்கொண்டு நிற்கிறவனை மரம் வெட்ட வந்தவன், மண் ஏற்ற வந்தவன் என்றுதான் எவரும் நினைப்பார்கள். வெட்டுக்கிளியைப் படம் எடுக்கிறேன் என்று சீருடைக்காரரிடம் விளக்கிப் பாருங்கள். அதனால் வீட்டு வளவும் வயல் வரம்பும் குளக்கட்டும்தான் நமக்கு.

வைகாசிக்குப் பிறகு சோளகம் என்கிற தென்மேல் காற்று தொடங்கிவிட்டால் புரட்டாதி வரைக்கும் இங்கே வறட்சிதான். வீரை மரத்து இலையெல்லாம் புழுதி படிந்து கிடக்கும். வெளியே போவதற்கு அந்த மாதங்கள்தான் சரி, நல்ல காலத்துக்கு வெளியே பல இடங்களில் மழையோ, மழைக்கு அடுத்த ஈரமோ அப்போதுதான் இருக்கிறது. மாசி பங்குனியில் காலபோக (மாரிகால வெள்ளாமை) நெல் விற்ற காசு கையில் இருக்கும், அப்போதே டிக்கெட்டைப் போட்டுவிட்டால் விலையும் குறையும்.

தெற்கே இருக்கிற சிங்கராஜா மழைக்காட்டையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். வன்னியான் ஒருவனுக்கு அதுவே பாதி வெளிநாடு. உண்ணிதான் நமக்குப் பழக்கம், அங்கே கால் வைத்த இடமெல்லாம் அட்டை. காட்டுக்குள் பகலில் மட்டும், வழிகாட்டியோடு மட்டும். இரவு என்றால் குடாவ பக்கமோ தெனியாய பக்கமோ தங்கும் வீட்டு ஓரங்களில் எடுக்கலாம். வெளிநாடு போகுமுன் ஃபிளாஷ், அதன் வெளிச்சத்தை மென்மையாக்கும் டிஃபியூசர், மழைக்கோட்டு எல்லாம் ஈரக்காட்டில் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்க ஒருமுறை போய்வாருங்கள். அதற்கு மேல் இங்கே சொல்ல ஒன்றுமில்லை.

இந்தியாதான் முதலில் எல்லோருக்கும் மனதில் வரும். கிளிநொச்சியிலிருந்து பலாலி விமான நிலையத்துக்கு இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம், பலாலியிலிருந்து சென்னைக்கும், 2025இலிருந்து திருச்சிக்கும் விமானம் இருக்கிறது, கொழும்புக்கு ஏ9 றோட்டில் இரவிரவாகப் போகத் தேவையில்லை. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலும் ஓடுகிறது. திருச்சியில் இறங்கினால் பொள்ளாச்சி, ஆழியாறு, அங்கிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வால்பாறை. பாஷைப் பிரச்சினை இல்லை, சாப்பாட்டுப் பிரச்சினை இல்லை, நான் சொல்லப்போகிற நாலு வெளிநாட்டுப் பயணத்தில் மிக மலிவும் இதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆனி முதல் புரட்டாதி வரைக்கும் தென்மேல் பருவமழை, சோளகத்தில் நம் பக்கம் வராத மழையெல்லாம் அங்கேதான் கொட்டுகிறது. கர்நாடகத்து ஆகும்பேயில் வருடத்துக்கு 7,000 மில்லிமீற்றர் அளவில் பெய்கிறது.

ஆனால் என் இரவுக் கணக்கில் இந்தியா அடிபடுகிறது. புலிகள் காப்பகம், ஒதுக்குக் காடு எதற்குள்ளும் பொழுதுபட்ட பிறகு வெளியார் நடமாட முடியாது. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் சிறுத்தை திரிகிறது, பிள்ளைகளைத் தூக்கிய சம்பவங்கள் நடந்த இடம், அங்கே இருட்டில் குனிந்து குந்தியிருந்து வண்டு படம் எடுப்பது புத்திசாலித்தனமல்ல. அப்புறம் ஒரு சின்ன விஷயம், யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டு உள்ளூர் ஆள் என்று நினைத்து வீட்டுத் தங்குமிடக்காரர் போனில் அறை தந்துவிடுவார். போய் இறங்கிக் கடவுச்சீட்டை நீட்டினதும் முகம் மாறும், ஏனென்றால் வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் 24 மணித்தியாலத்துக்குள் அந்த விபரத்தை அவர் அரசாங்கத்துக்குப் பதிந்து அறிவிக்க வேண்டும், சிறிய இடங்கள் பலவற்றில் அந்த ஏற்பாடு இல்லை. போன் பண்ணும்போதே "அண்ணா, நாங்கள் இலங்கைக் கடவுச்சீட்டு" என்று சொல்லிவிடுங்கள். இந்தியாதான் போவதென்றால் வால்பாறையை விட வயநாட்டிலோ குடகிலோ சொந்தக் கோப்பித் தோட்டத்துக்குள் அறை விடுகிற வீடுகளைப் பார்ப்பது நல்லது. நிழல் மரத்துக்குக் கீழே கோப்பி, பக்கத்தில் காடு, தனியார் காணி என்பதால் வீட்டுக்காரர் சம்மதித்தால் இரவு பன்னிரண்டு வரைக்கும் எடுக்கலாம். அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறீர்கள், வழியில் குருவாயூரும் போக வேண்டும் என்றால் இதை விட்டு வேறு எதையும் யோசிக்காதீர்கள்.

தாய்லாந்து பகல்காரருக்கு. 2024 ஜூலையில் இலங்கையரும் விசா இல்லாமல் 60 நாள் தங்கலாம் என்று அறிவித்தார்கள். இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை, டிக்கெட்டுக்கு முதல் ஒருக்கால் பாருங்கள். காவ் யாய் 1962இல் தொடங்கிய அவர்களுடைய முதல் தேசிய வனம், பாங்கொக்கிலிருந்து சில மணித்தியாலம். காங் கிராச்சான் அதைவிடப் பெரியது, 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அங்கே ஓடைக் கரைகளில் வண்ணத்துப்பூச்சி கூட்டம் கூட்டமாக ஈரமணலில் இறங்கி உப்புக் குடிக்கும், பெரும்பாலும் ஆண்கள், அந்த உப்பைச் சேரும்போது பெண்ணுக்குக் கொடுக்கின்றன. ஈரமணலில் படுத்துக்கொண்டு லென்ஸைத் தரையோடு வைத்தால் அவை நகர்வதில்லை. வண்ணத்துப்பூச்சிதான் உங்கள் ஆசை என்றால் மலேசியாவின் சபாவுக்குச் செலவழிக்கத் தேவையில்லை, தாய்லாந்து போதும், சாப்பாடும் போக்குவரத்தும் மலிவு.

இரவு அங்கே குறைவு. பூங்காக்களில் வாகனத்தில் ஏற்றி மான் மரை காட்டுகிற இரவுச் சுற்றுலாதான் இருக்கிறது, இறங்கி நடக்கப் பெரும்பாலும் விடமாட்டார்கள். ஒரு வழி இருக்கிறது: கூடாரம் போடும் இடத்திலுள்ள கழிப்பறைக் கட்டடம். இரவு முழுக்க அதன் வெள்ளைச் சுவரில் லைட் எரிவதால் சுற்றுக்காட்டு அந்துப்பூச்சியெல்லாம் அங்கேதான் வந்து ஒட்டும். கமராவோடு கழிப்பறை வாசலில் நிற்கிறவனை வருகிறவர் போகிறவர் எப்படிப் பார்ப்பார்கள் என்பதற்கு மட்டும் தயாராகப் போங்கள். படத்தைக் காட்டிச் சிரித்தால் போதும், கொஞ்ச நேரத்தில் அவர்களே "இங்கே ஒன்று இருக்கிறது" என்று கூப்பிடுவார்கள்.

இனி சபா, அதாவது போர்னியோத் தீவில் மலேசியாவுக்குரிய வட பகுதி. என் ஓட்டு இதற்குத்தான், ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் பாதகங்கள். இலங்கையருக்கு மலேசிய இ-விசா வேண்டும். கொழும்பிலிருந்து கோலாலம்பூர் மூன்றரை மணித்தியாலம், அங்கிருந்து கோத்தா கினபாலுவுக்கு இன்னும் இரண்டரை. சபா தன் குடிவரவைத் தானே பார்த்துக்கொள்கிறது, ஒரே நாட்டுக்குள்தான் வந்தோம் என்று நினைத்து கடவுச்சீட்டைப் பையின் அடியில் போட்டுவிடாதீர்கள், திரும்பவும் வரிசையில் நின்று முத்திரை குத்த வேண்டும். கோலாலம்பூர் மாதிரி மூலைக்கு மூலை தமிழ்க் கடை அங்கே இல்லை. காட்டுத் தங்குமிடம் விலை. டனும் பள்ளத்தாக்கு 438 சதுர கிலோமீற்றர் காப்புக் காடு, அங்கே தங்க இரண்டு இடம்தான்: ஒன்று பணக்காரருக்கான விடுதி, அதன் விலையைப் பார்த்தாலே காலபோகம் முழுதும் போய்விடும், மற்றது ஆய்வு நிலையம், ஆராய்ச்சியாளரோடு நாமும் தங்கலாம், அதற்கும் முன்கூட்டியே சொல்லி, லஹாட் டத்துவிலிருந்து வாகனமும் பேசி வைக்க வேண்டும். போகிற வழியில் கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் எண்ணெய்ப்பனைத் தோட்டம். அதைப் பார்க்கப் பார்க்க, இவ்வளவு செலவழித்து வந்து தோட்டத்தையா பார்க்கிறோம் என்று வெறுத்துப்போகும். காடு தொடங்குகிற இடத்தில் அந்த எண்ணம் போய்விடும்.

இத்தனையும் இருந்தும் சபா ஏனென்றால், அங்கே இரவு நடை என்பது சலுகை இல்லை, அன்றாட ஏற்பாடு. சாப்பிட்டு முடித்ததும் வழிகாட்டி சப்பாத்தை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். யானை அங்கேயும் இருக்கிறது, ஆனால் அது எங்கே நிற்கிறது என்று தெரிந்த ஆள் கூட இருக்கிறார். ட்ருஸ் மாடி மலைப் பக்கம் அந்துப்பூச்சிக்காகவே விளக்கும் துணியும் கட்டி வைத்திருக்கிற முகாம் உண்டு, யப்பானிலிருந்தெல்லாம் வண்டுப் பைத்தியங்கள் வருகிறார்கள். நல்ல இரவில் துணிக்குக் கிட்டப் போகவே முடியாது, கொம்பு வண்டு நெற்றியில் வந்து அடிக்கும், சட்டைக் கழுத்துக்குள் ஏதாவது இறங்கும், வாயைத் திறந்து பேசினால் அதற்குள்ளும் போகும். தவறாமல் மூக்கையும் காதையும் மூடுகிற மாதிரி ஒரு துவாய் கொண்டு போங்கள்.

ஒரே பயணத்தில் உயரம் உயரமாக எடுக்க முடிவது இன்னொரு வசதி. கினபாலு மலை 4,095 மீற்றர். பூங்காவின் தலைமையகம் ஏறத்தாழ 1,500 மீற்றரில் இருக்கிறது, அங்கே ஸ்வெட்டர் வேண்டும். கொஞ்சம் இறங்கி போரிங் வெந்நீர் ஊற்றுப் பக்கம் வந்தால் கட்டுநாயக்கா விமான நிலையத்து வெக்கை. இரண்டு இடத்துப் பூச்சிக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லை.

அந்த மேட்டுப் பாதையோரம் பாசி பிடித்த விழுந்த மரங்களை ஆறுதலாகப் பார்த்துக்கொண்டு போனால் ட்ரைலோபைட் வண்டு கிடைக்கும், இதற்காகவே போகிறவர்கள் உண்டு. விரல் நீளம், கறுப்புத் தகடுகள் ஓலைக் கூரை வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், ஓரத்தில் செம்மஞ்சள் முனைகள். உடம்பு அவ்வளவு பெரிது, தலை ஒரு மிளகு அளவுகூட இருக்காது, தொட்டால் அதையும் முன் தகட்டுக்குள் இழுத்துவிடும். தலை வெளியே வந்து நிற்கிற படம் வேண்டுமென்றால் அசையாமல் காத்திருக்க வேண்டும், மூச்சுப் பட்டாலே உள்ளே போய்விடுகிறது. நாம் பார்ப்பது பெண். அது வளர்ந்த பிறகும் புழு உருவத்திலேயே இருந்துவிடும், இறகு முளைப்பதில்லை. ஆண் சாதாரண வண்டு, பெண்ணின் அளவில் ஒரு துண்டுகூட இல்லை, அதுதான் இதன் சோடி என்று கண்டுபிடிக்கவே ஆராய்ச்சியாளருக்கு நெடுங்காலம் எடுத்தது. உலகத்தின் மிக நீளமான பூச்சிகளில் ஒன்றான சானின் குச்சிப்பூச்சியும் போர்னியோதான், 2008இல் பெயர் வைத்தார்கள், கால்களை நீட்டினால் 56.7 சென்ரிமீற்றர். அது மர உச்சியில் இருப்பது, காண்பது அதிர்ஷ்டம், அதை நம்பிப் போகாதீர்கள்.

மத்திய அமெரிக்கா, தென்னமெரிக்கா பற்றி ரொறன்ரோவில் இருக்கிற மச்சானோடு எனக்கு முடியாத விவாதம் நடக்கிறது. கொஸ்ரா றிக்கா, எக்குவடோர், பெரு என்று படம் படமாக அனுப்பிக்கொண்டிருப்பார், கண்ணாடி இறகு வண்ணத்துப்பூச்சி, நீல மோர்ஃபோ, ஹெர்குலிஸ் வண்டு. அவர் சொல்வதில் பிழை இல்லை. பூச்சிக்காகவே கடல் கடந்தவர்களில் முந்தியவர் ஒருவர், மரியா சிபில்லா மெரியான் என்ற ஜேர்மன் பெண், 1699இல் தன் 52ஆவது வயதில் மகளையும் கூட்டிக்கொண்டு போனது தென்னமெரிக்காவின் சுரினாமுக்குத்தான். ஆனால் மச்சானுக்குக் கனடாக் கடவுச்சீட்டு, ஒரு விமானத்தில் ஏறினால் ஐந்தாறு மணித்தியாலத்தில் கொஸ்ரா றிக்கா. நமக்கு? கட்டுநாயக்காவிலிருந்து குறைந்தது இரண்டு மாறல், ஒரு நாளுக்கு மேல் பயணம், அமெரிக்கா வழியாக என்றால் விமான நிலையத்துக்குள் மாறி ஏறுவதற்கே விசா வேண்டும். பெருவுக்கோ எக்குவடோருக்கோ போனால் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டை இல்லாமல் திரும்ப நம் நாட்டுக்குள்ளேயே வரச் சிக்கல், அந்த ஊசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்னாவது போட வேண்டும். எக்குவடோர் நேரம் நமக்குப் பத்தரை மணித்தியாலம் பின்னால், இரவு முழுக்கக் கண் கொட்டக்கொட்ட முழித்திருப்பீர்கள், அதுமட்டும் பூச்சிக்காரருக்கு இலாபம். இரண்டு கிழமை லீவு எடுத்தால் போக வர நாலு நாள் போய்விடும், சபாவுக்கு இரண்டு. டிக்கெட் காசை இரவுகளால் பிரித்தால் ஓர் இரவு எவ்வளவுக்கு வருகிறது என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அவரே டிக்கெட் போட்டுத் தருகிறார் என்றால் நான் வாயை மூடிக்கொண்டு போவேன், அது வேறு.

இரண்டு விஷயத்தில் எந்த நாடென்றாலும் கவனம். ஒன்று, ஒரு பூச்சியையும் எடுத்து வராதீர்கள், செத்துக் கிடந்ததையும்தான். யால தேசிய வனத்தில் பூச்சி பிடித்துப் போத்தலில் அடைத்த இரண்டு இத்தாலியருக்கு 2024இல் நம் நாட்டு நீதிமன்றம் 6 கோடி ரூபாய் தண்டம் போட்டது. மற்ற நாடுகளிலும் சட்டம் இருக்கிறது, சபாவிலும் அனுமதியில்லாமல் சேகரிக்க முடியாது. மற்றது மலேரியா. இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்று தந்தது, அதனால் நமக்குப் பயம் விட்டுப்போய்விட்டது. சபாவில் குரங்கிலிருந்து மனிதனுக்கு வருகிற ஒரு வகை இன்னும் இருக்கிறது. போகுமுன் மலேரியாத் தடை இயக்கத்தில் கேளுங்கள், திரும்பி வந்த பிறகு காய்ச்சல் வந்தால் டெங்கு என்று சும்மா இருக்காமல் எங்கே போய் வந்தீர்கள் என்று டொக்டரிடம் சொல்லுங்கள்.

சாமான் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சின்னப் பொருளைக் கிட்டத்தில் பெரிதாக எடுக்க 90 அல்லது 100 மில்லிமீற்றர் மேக்ரோ லென்ஸ் ஒன்று, ஃபிளாஷ், அதற்கு முன்னால் பிடிக்க நல்ல டிஃபியூசர், சார்ஜ் பண்ணும் பற்றரிகள் (லித்தியம் பற்றரியைக் கையில் கொண்டுபோகும் பையில்தான் வைக்க விடுவார்கள்), லென்ஸில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க ஈரத்தை உறிஞ்சும் சிலிக்காப் பொதிகள். இரண்டாவது லென்ஸுக்கு வைத்திருக்கிற காசை உள்ளூர் வழிகாட்டிக்குக் கொடுங்கள். இலைக்கு அடியில் இருக்கிற இலைப்பூச்சியை அவர் போகிற போக்கில் காட்டுவார், நீங்களும் நானும் அதன் முன்னால் அரை மணித்தியாலம் நின்றாலும் காணமாட்டோம்.

நாள் குறிப்பதற்கு என்னிடம் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. நல்லூர்த் தீர்த்தம் ஆவணி அமாவாசையில் வருகிறது. வெளிநாட்டுச் சொந்தக்காரர் எல்லாரும் திருவிழாவுக்கு வந்து நிற்கிற நேரம், தீர்த்தம் முடிந்த கையோடு வெளிக்கிட்டால் போய் இறங்குகிற முதல் நாலைந்து இரவும் நல்ல இருட்டு, ஊரிலும் மாரி தொடங்க இன்னும் காலம் இருக்கிறது. மச்சானுக்கும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன்: எக்குவடோருக்கு என்னை இழுப்பதை விட்டுவிட்டு நீங்கள் திருவிழாவுக்கு வாருங்கள், அப்படியே கோலாலம்பூர் போவோம். இன்னும் பதில் இல்லை, ஆனால் டனுமில் எத்தனை கட்டில் என்று மட்டும் கேட்டிருக்கிறார்.